பங்குக் கிணற்றின் தரவு

மானிப்பாய்
20 ஜனவரி 2024

ஜெயகௌரி,

நான் சுகம் என்று எழுதினால் அது உனக்குத் தேவையில்லாத செய்தி. நீ சுகமா என்று கேட்டால் பதில் தரமாட்டாய். ஆகவே அந்த இரண்டு வரியையும் விட்டுவிட்டு அலுவலுக்கு வருகிறேன். என் தொலைபேசி இலக்கத்தை நீ மறித்து வைத்து ஒன்றரை வருடமாகிறது. மின்னஞ்சலை மறிக்க மறந்துவிட்டாய் போலிருக்கிறது.

எனக்கு உன் உதவி வேண்டும். இந்த வசனத்தை எழுதுவதற்கு முன் தேநீர் போடுகிற சாட்டில் பலதரம் எழும்பிப் போய்விட்டு வந்தேன்.

நான் இன்னும் கிணற்றுத் தண்ணீர் ஆய்வில்தான் நிற்கிறேன். தோட்டத்துக்குப் போடும் யூரியாவும் மலசலகூடக் குழிகளும் நிலத்துக்குக் கீழே ஊறி, நைத்திரேற்றாகக் கிணற்றுக்குள் வந்து சேர்கின்றன. பெரியவர்களின் உடம்பு அதைச் சமாளிக்கும். அந்தத் தண்ணீரில் பால்மா கரைத்துப் போத்தலில் கொடுத்தால் கைக்குழந்தை நீலம் பாரித்து மூச்சுக்குத் தவிக்கும். உங்கள் கொடிகாமப் பக்கத்தில் கைக்குழந்தை உள்ள வீடுகளின் கிணறுகளைப் பார்த்து, கூடாத கிணறென்றால் அந்தப் பிள்ளைக்கு வேறு தண்ணீர் ஒழுங்கு செய்ய வேண்டும் என்று ஒரு வெளிநாட்டு அறக்கட்டளைக்குப் போன வருடம் விண்ணப்பித்தேன். விஞ்ஞானம் நன்று, தரவு முகாமைத்துவத் திட்டம் போதாது என்று திருப்பிவிட்டார்கள். சேகரிக்கும் தரவை எங்கே வைப்பாய், யார் பார்க்கலாம், ஆய்வு முடிந்த பிறகு மற்றவர்களுடன் எப்படிப் பகிர்வாய் என்று கேட்டிருந்தார்கள். நான் எங்கள் பாதிரியார் பொது ஜெபம் சொல்வதுபோல எழுதியிருந்தேன்: தரவுகள் யாவும் பாதுகாக்கப்படும், கேட்கிறவர்களுக்குக் கொடுக்கப்படும். ஆமென் மட்டும்தான் போடவில்லை.

இன்னும் ஒரு தரம் அனுப்பலாம். மார்ச் மாதத்துக்குள். அதோடு அந்த நிதியை மூடுகிறார்கள். இந்த உலகத்தில் இப்படியான திட்டங்களை வாசித்துத் திருத்துவதையே உத்தியோகமாகச் செய்கிற ஒருத்தியை எனக்குத் தெரியும். ஒஸ்லோவில் இருக்கிறாள். அவள் என்னோடு கதைப்பதில்லை.

அந்த வரைபடத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ இதற்கு மேல் வாசிக்கமாட்டாய். பத்திரிகையில் கூடாத கிணறுகளுக்குச் சிவப்புப் புள்ளி போட்டு வந்த படம் என்னுடையதுதான். அதில் ஒரு புள்ளி உங்கள் வளவின் மேல் இருந்ததும் உண்மை. அதைப் பார்த்து உன் தங்கை உதயகலாவின் சம்பந்தத்தை மாப்பிள்ளை வீட்டார் விட்டுவிட்டுப் போனதும் உண்மை. ஆனால் பத்திரிகைக்காரனுக்கு நான் அதைக் கொடுக்கவில்லை. மாநாட்டு இணையப் பக்கத்தில் கிடந்ததை எடுத்திருக்கிறான். புள்ளியின் நைத்திரேற்று இலக்கம் சரி. அதை நான் எந்தக் காலத்திலும் மாற்றிச் சொல்லமாட்டேன்.

அன்றிலிருந்து உங்கள் ஊரில் என் மாணவர்களுக்கு ஒருவரும் படலை திறப்பதில்லை. அரும்பாடுபட்டு ஏழு கிணறுகளில் மட்டும் தண்ணீர் எடுத்தோம். அந்த அட்டவணையையும் புதுத் திட்டத்தையும் இணைத்திருக்கிறேன். பயப்படாதே, பெயரும் இடமும் முற்றாக நீக்கியாயிற்று. ஒரு மனுசராலும் கண்டுபிடிக்க இயலாது.

றெபேக்கா


ஒஸ்லோ
24 ஜனவரி 2024

றெபேக்கா,

பதில் எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். பிறகு உன் திட்டத்தைத் திறந்து பார்த்தேன். பார்த்த பிறகு எழுதாமல் இருந்தால் அது என் தொழிலுக்கு மரியாதை இல்லை.

முதலில் ஒரு சொல். படம் இணையத்தில் "கிடந்தது" என்கிறாய். அதென்ன ஆடு மாடா, தானாக வந்து கிடப்பதற்கு? போட்டது ஆர்? அதற்குப் பதில் எழுதாதே, உனக்கே தெரியும்.

இனித் திட்டம். "தரவு பல்கலைக்கழகக் கணினியில் பாதுகாப்பாக வைக்கப்படும்." எந்தக் கணினி? ஆருடைய மேசையில்? மின்சாரம் அடித்து அது செத்தால் மற்றப் பிரதி எங்கே? நீ பென்சன் எடுத்துப் போன பிறகு கடவுச்சொல் ஆரிடம்? நீ அனுப்பிய கோப்பின் பெயர் "கிணறு கடைசி". அதற்குள்ளே இன்னொன்று, "கிணறு உண்மையாகவே கடைசி". நான் சிரிக்கவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். அட்டவணையில் நைத்திரேற்று நிரலின் தலையில் அலகு இல்லை. பத்து வருடத்துக்குப் பிறகு ஒருவன் அந்த இலக்கத்தைப் பார்த்து அது மில்லிகிராமா மாங்காயா என்று என்னென்று அறிவான்?

இது எல்லாம் திருத்தக்கூடியது. அடுத்தது திருத்தக்கூடியதா என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு மனுசராலும் கண்டுபிடிக்க இயலாது என்றாய், இல்லையா? கேள்.

இரண்டாம் கிணறு. குறிப்பு: "கிணற்றுக் கட்டில் சிலுவை பதித்திருக்கிறது." எங்கள் ஒழுங்கையில் வேதக்கார வீடு ஒன்றே ஒன்று. ஜெறோம் வீடு. நாலாம் கிணறு. குறிப்பு: "நாய் கடிக்கும், பின்நேரம் போகவும்." அது சங்கக்கடை மனேச்சர் வீட்டு நாய். என்னையும் கடித்திருக்கிறது, தழும்பு காட்டவா? மூன்றாம் கிணறு. "வீட்டார் வெளிநாட்டில், திறப்பு தையல்காரியிடம்." பூட்டிவிட்டுத் திறப்பைத் தையல்காரியிடம் கொடுத்துப் போன வீடு எதென்று ஊரில் நடக்கத் தொடங்கின பிள்ளைக்கும் தெரியும். நான் ஒஸ்லோவில் கோப்பியைக் குடித்து முடிப்பதற்குள் ஏழில் ஆறைக் கண்டுபிடித்துவிட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைத்துவிட்டு, பெயரை நீக்கியாயிற்றாம். உன் குறிப்பு நிரல்தான் அங்கே பெரிய ஒலிபெருக்கி.

ஆறாம் கிணறு. "ஐந்து பங்கு. ஒரு பங்கு நோர்வே, ஒரு பங்கு கனடா. தண்ணீர் இறைத்த பழைய துலாக்கால் நிற்கிறது."

அது எங்கள் கிணறு. போன தரத்தைவிட இலக்கம் கூடியிருக்கிறது. படம் வந்த நாளிலிருந்து எங்கள் அம்மா உன் பெயரைச் சொன்னாலே எழும்பி அடுப்படிக்குப் போய்விடுவா. அந்த வளவுக்குள்ளே உன் ஆட்களை விட்டது ஆர்?

ஜெயகௌரி


மானிப்பாய்
27 ஜனவரி 2024

ஜெயகௌரி,

ஒலிபெருக்கி என்று நீ எழுதியதை என் மாணவன் றயனுக்கு வாசித்துக் காட்டினேன். அவன் குறிப்பு நிரலை எழுதியவன். ஒரு நாள் முழுக்க என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கும் கன்னத்தில் அறைந்த மாதிரித்தான் இருந்தது. நான் அதை ஆறு பேராசிரியர்களுக்குக் காட்டினேன், ஒருவர்கூடச் சொல்லவில்லை. அவர்களில் ஒருவரும் கொடிகாமம் இல்லை.

உங்கள் வளவுக்கு நாங்கள் களவாகப் போகவில்லை. உன் மாமி சின்னாச்சி படலையைத் திறந்து கூப்பிட்டா. "எடுத்துக்கொண்டு போ பிள்ளை, ஒரு போத்தல் தண்ணி எடுத்தாக் கிணறு வத்தவே போகுது" என்றா. சம்மதப் படிவத்திலும் கையெழுத்து வைத்தா. படிவத்தில் "கிணற்றின் உரிமையாளர்" என்று ஒரு கோடுதான் இருக்கிறது. மானிப்பாயில் எங்கள் வீட்டுக் கிணறு எங்கள் வீட்டுக்கு மட்டும். கோடு ஒன்று போதும் என்று நினைத்தது நான்தான்.

உனக்குக் கோபம் வருமென்று தெரிந்தும் ஒன்று சொல்கிறேன். நீ எழுதிய இரண்டு பக்கத்திலும் ஊர் என்ன சொல்லும், ஆர் கண்டுபிடிப்பார் என்பதுதான் இருக்கிறது. ஆறாம் கிணற்றின் இலக்கத்தைப் பற்றி ஒரு வரிதான் எழுதினாய். நான் இரவு பகலாக யோசிக்கிறது அந்த ஒரு வரியை. அந்தத் தண்ணீரை இப்போது ஆர் குடிக்கிறார்கள்? படம் வந்த பிறகு போத்தல் தண்ணீருக்கு மாறியிருப்பீர்கள் என்று நினைத்தேன். அந்த வீட்டில் கைக்குழந்தை ஏதும் உண்டா? அதை மட்டும் எழுது. மற்றச் சண்டையைப் பிறகு பிடிப்போம்.

றெபேக்கா


ஒஸ்லோ
28 ஜனவரி 2024

றெபேக்கா,

உதயகலாவுக்கு இப்போது வயிற்றில் ஏழு மாதம். போன வருடம் கோகுலனைக் கட்டினாள், எழுதுமட்டுவாள் ஊர்ப் பொடியன், அந்தப் புள்ளிப் படத்தைப் பார்த்த பிறகும் வந்து பெண் கேட்டவன். அம்மாவோடுதான் இருக்கிறார்கள்.

போத்தல் தண்ணீர் வாங்குவதில்லை. "வாங்கினா ஊர் சொல்லும், அவையின்ரை கிணறு பழுது, அதுதான் வாங்கினம் எண்டு." இது அம்மாவின் கதை. ஊருக்குக் காட்டுகிறதுக்கென்றே எல்லாரும் அந்தக் கிணற்றில்தான் குடிக்கிறார்கள். வருகிறவர்களுக்கும் அதைத்தான் செம்பில் கொடுக்கிறா.

உதயகலாவுக்குச் சீனி வருத்தமும் இருக்கிறது. தாய்ப்பாலோடு போத்தல் பாலும் கொடுக்க வேண்டி வரலாம் என்று டாக்குத்தர் சொல்லியிருக்கிறார். அம்மா பால்மாப் பேணி வாங்கி அலுமாரியில் வைத்துவிட்டா. தண்ணீரை நல்லாகக் கொதிக்கவைத்து ஆற்றிக் கொடுப்பாவாம்.

காய்ச்சினால் அது போகுமா?

ஜெயகௌரி


மானிப்பாய்
28 ஜனவரி 2024

ஜெயகௌரி,

போகாது. காய்ச்சினால் கூடும். தண்ணீர்தான் ஆவியாகும், நைத்திரேற்று அப்படியே பானைக்குள் நிற்கும். உன் அம்மா எவ்வளவு கவனமாகக் கொதிக்கவைக்கிறாவோ அவ்வளவுக்கு அது தடிக்கும்.

இன்றைக்கே அம்மாவுக்குச் சொல்லு. நான் சொன்னது என்று சொல்லாதே.

றெபேக்கா


ஒஸ்லோ
6 பெப்ரவரி 2024

றெபேக்கா,

சொன்னேன். அம்மாவின் முதல் கேள்வி: "உவள் றெபேக்கா சொல்லித் தந்தவளோ?" நான் இல்லை என்று முடிக்குமுன்னே தொலைபேசியை வைத்துவிட்டா. உதயகலாவோடு தனியே கதைத்தேன். அவள் பாவம், அழுகிறாள். "அக்கா, அம்மா குடிச்சுக் காட்டேக்கை நான் மட்டும் போத்தல் தண்ணி வாங்கினா அவவைக் காட்டிக் குடுக்கிற மாதிரியெல்லோ" என்கிறாள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்று தெரிந்தும் இந்த மனுசி கிணற்றை மூடியாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறா.

நான் ஆத்திரத்தில் இரண்டு நாள் வேலைக்கும் ஒழுங்காகப் போகவில்லை. பிறகு யோசித்தேன். அம்மா தண்ணீருக்குப் பயப்படவில்லை. தனக்குத் தெரியாமல் தன் கிணற்றைப் பற்றி ஊரெல்லாம் தெரிந்துகொண்டதுதான் அவவுக்குப் பொறுக்கவில்லை. நீ அம்மாவுக்கு முதலில் சொல்லியிருந்தால் அவ தானாகவே வாளியைக் கட்டி வைத்திருப்பா. உன் இலக்கம் பிழையில்லை. இலக்கம் போன வழி பிழை.

வழி எங்கள் ஊரிலேயே இருக்கிறது. வளவைப் பிரித்தாலும் கிணற்றைப் பிரிக்க இயலாது என்று காணி உறுதிப் பத்திரம் முடிக்கும்போது நொத்தாரிசு எழுதுவாரே, பங்கு, வாய்க்கால், வழி என்று. என் சீதன உறுதியிலும் அப்படித்தான் இருக்கிறது. நான் நோர்வேயில் பனிக்குள் நின்றாலும் அந்தக் கிணற்றில் ஐந்தில் ஒன்று எனக்கு. மற்ற நாலும் அம்மா, சின்னாச்சி மாமி, சீவரத்தினம் பெரியப்பா, கனடாவில் டினேஸ். ஒரு ஆளைக் கேளாமல் மற்ற ஆள் கிணற்றை ஆழமாக்க முடியாது, மோட்டர் வைக்க முடியாது, வெளியாளுக்குத் தண்ணீர் விட முடியாது. அப்படியானால் அந்தக் கிணற்றின் தரவை மட்டும் சின்னாச்சி மாமி தனியே எப்படிக் கொடுப்பா?

இதைத்தான் திட்டமாக எழுதியிருக்கிறேன். இணைப்பைப் பார். கிணற்றுக்கு எத்தனை பங்கோ, தரவுக்கும் அத்தனை பங்கு. முடிவு முதலில் பங்குக்காரருக்கு, எல்லாரும் கூடின பிறகு, கிணற்றடியில், தமிழில், வாயால் சொல்லி எழுத்தாலும் கொடுப்பது. வெளியே பகிர்வது வட்டார அளவில் மட்டும், அதுவும் கிணறுகள் நிறைய உள்ள வட்டாரம் என்றால்தான். குறிப்பு நிரலுக்கு வெளியே வேலையில்லை. சரியான இடம் பூட்டி வைக்கப்படும். வேறு ஆய்வாளர் கேட்டால் ஒரு குழு பார்க்கும், குழுவில் பங்குக்காரர் இருப்பார்கள். எல்லாப் பங்கும் ஒத்துக்கொண்டால் அந்தக் கிணறு பெயரோடு வெளியே வரலாம். ஒரு பங்கு மாட்டேன் என்றாலும் வராது. பிரதிகள், அலகுகள், கோப்புப் பெயர்கள் எல்லாம் கீழே இருக்கின்றன. "உண்மையாகவே கடைசி" என்று இனி ஒரு கோப்புக்கும் பெயர் வைக்காதே.

உனக்காக எழுதவில்லை. உதயகலாவின் பிள்ளைக்காக.

ஜெயகௌரி


மானிப்பாய்
9 பெப்ரவரி 2024

ஜெயகௌரி,

வாசித்தேன். திரும்பவும் வாசித்தேன். இவ்வளவு நாளும் நான் எழுதியதெல்லாம் திட்டமே இல்லை.

ஆனால் ஒரு இடத்தில் உன்னோடு ஒத்துக்கொள்ளமாட்டேன். எல்லாப் பங்கும் கூடும்வரை முடிவைச் சொல்லக்கூடாது என்று எழுதியிருக்கிறாய். டினேஸ் கனடாவில் இரவு வேலை முடித்து எழும்பிச் சம்மதம் சொல்லும்வரைக்கும் பால்போத்தல் காத்திருக்காது. கைக்குழந்தை அல்லது பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீடென்றால், இலக்கம் கூடினது தெரிந்த அன்றைக்கே அந்தத் தாய்க்கு நேரே சொல்ல வேண்டும். ஆரையும் கேட்கத் தேவையில்லை. வெளியே சொல்வதற்குத்தான் பங்கு. பிள்ளையைக் காப்பாற்றுவதற்குப் பங்கு இல்லை. இந்த வரி இல்லாவிட்டால் நான் அனுப்பமாட்டேன், நிதி போனாலும் பரவாயில்லை.

அந்த வரியை எழுதிவிட்டு நான் என்ன செய்ய வேண்டும் என்று எனக்கே விளங்கிவிட்டது. ஞாயிறு ஆராதனை முடிந்து கொடிகாமத்துக்கு பஸ் எடுக்கிறேன். ஐந்து பங்குக்காரரையும் கிணற்றடிக்கு வரச் சொல்லு. வர இயலாதவர்கள் தொலைபேசியில் நிற்கட்டும்.

றெபேக்கா


ஒஸ்லோ
10 பெப்ரவரி 2024

அந்த வரி சரி. சேர்த்துவிட்டேன். எனக்கு அது தோன்றியிருக்க வேண்டும்.

அம்மா படலை திறக்காவிட்டால் வெளியில் நின்று கூப்பிடு. அவவுக்கு ஒழுங்கையில் சத்தம் கேட்பது பிடிக்காது, திறந்துவிடுவா.

ஜெ.


மானிப்பாய்
12 பெப்ரவரி 2024

ஜெயகௌரி,

நீ எல்லாவற்றையும் உதயகலாவின் தொலைபேசிக்குள்ளிருந்து பார்த்தாய். இருந்தாலும் எழுதுகிறேன். அவள் தொலைபேசியைக் கிணற்றுக் கட்டில் சாய்த்து வைத்திருந்தாள், அரைவாசி நேரம் நீ பார்த்தது துலாக்காலைத்தான்.

படலையில் உன் அம்மா கேட்டா: "நீயோ? படத்திலை போட்டது போதாதே?" நான் சொன்னேன்: "இண்டைக்குப் படம் ஒண்டும் கொண்டு வரேல்லை, அம்மா. பங்குக்காரரோடை கதைக்க வந்தனான்." அந்தப் "பங்குக்காரர்" என்ற சொல்லுக்கு அவ கொஞ்சம் நின்றா. பிறகு விலகி வழி விட்டா.

கிணற்றடியில் சின்னாச்சி மாமியும் சீவரத்தினம் பெரியப்பாவும் இருந்தார்கள். முதலில் சம்மதப் படிவத்தைக் காட்டி, ஒரு ஆளிடம் மட்டும் வாங்கியது பிழை, ஐந்து கோடு போட்டுப் புதிதாகக் கொண்டு வந்திருக்கிறேன் என்றேன். சின்னாச்சி மாமி, "அப்ப நான் வைச்ச கையெழுத்து?" என்று கேட்டா. "அது உங்கடை பங்குக்கு மட்டும் செல்லும் மாமி" என்றேன். பெரியப்பா சிரித்துவிட்டார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

இலக்கத்தைச் சொன்னதும் உன் அம்மா வாளி இறக்கி அள்ளி, செம்பில் ஊற்றி, எல்லாருக்கும் முன்னால் மடமடவென்று குடித்தா. "கலியாணம் கட்டி வந்த நாள் துவக்கம் குடிக்கிறன். எனக்கு என்ன வந்தது?" நான் சொன்னேன்: "உங்களுக்கு உடம்பு சமாளிக்கும், அம்மா. பால்போத்தல் பிள்ளையின்ரை இரத்தம் சமாளிக்காது. காய்ச்சினாலும் போகாது, கூடும்."

உடனே உதயகலா கதிரையை விட்டு எழும்பினாள். அவள் குரல் உயர்த்தவில்லை. "அம்மா, நீங்கள் விரும்பினாக் குடியுங்கோ. என்ரை பிள்ளை உந்தத் தண்ணியைக் குடியாது. ஊருக்கு நான் பதில் சொல்லுறன்."

அந்த இடத்தில் நீ தொலைபேசிக்குள்ளே அழுதது எனக்குக் கேட்டது. நான் உன் பக்கம் பார்க்கவில்லை. நீயும் என்னைக் கூப்பிடவில்லை. நாங்கள் இரண்டு பேரும் இன்னும் கதைப்பதில்லையே.

உன் அம்மா செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டா: "அப்ப நல்ல தண்ணி ஆரின்ரை கிணத்திலை?" எனக்குத் தெரியும். ஆனால் அது வேறு ஆட்களின் தரவு, சொல்ல மாட்டேன் என்றேன். "பாத்தியே, எங்கடையை மட்டும் பத்திரிகையிலை போட்டவள்" என்று தொடங்கினா, பிறகு தானாகவே நிறுத்திக்கொண்டு, "சரி, இப்பவாவது வாயைப் பூட்டப் பழகினாயே" என்றா. நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். திரும்பி வரும்போது ஜெறோமின் வீட்டுக்குப் போய் அவர் கிணற்றின் முடிவை அவரிடம் கொடுத்தேன். அவர் வாசித்துவிட்டு நேரே உங்கள் படலைக்கு நடந்தார். "அக்கா, என்ரை கிணறு நல்லதாம். பிள்ளைக்கு அங்கை அள்ளுங்கோ." அவருடைய தரவு, அவர் பகிர்ந்தார். திட்டம் ஒரு நாளிலேயே வேலை செய்கிறது.

ஐந்து கோட்டில் நாலு நிரம்பிவிட்டது. டினேஸ் படம் எடுத்து அனுப்பினான். ஐந்தாவது கோடு உன்னுடையது. உங்கள் கிணற்றுக்கு மிச்சமாக இருக்கிற கடைசிக் கையெழுத்து அதுதான்.

றெபேக்கா


ஒஸ்லோ
15 பெப்ரவரி 2024

கையெழுத்து இணைத்திருக்கிறேன். ஆய்வுக்கு மட்டும். பெயரோடு வெளியே போடுவதற்கு இல்லை. அதை நான் இன்னும் மறக்கவில்லை.

மற்ற ஆறு கிணற்றுக்கும் பங்குக்காரரைத் தேடிப் போ. களைத்துப் போவாய், போ.

ஜெயகௌரி


மானிப்பாய்
4 மார்ச் 2024

ஜெயகௌரி,

அனுப்பியாயிற்று. ஆறு கிணற்றின் பங்குக்காரரையும் பிடித்தேன். லண்டன், பாரிஸ், வவுனியா, ஒருவர் கப்பலில். பஸ்ஸில் திரிந்து என் செருப்பு வார் அறுந்தது. சங்கக்கடை மனேச்சர் வீட்டு நாய் என்னையும் கடித்தது. இப்போது உனக்கும் எனக்கும் ஒரே தழும்பு.

படலைகள் திறக்கின்றன. தாங்களாகவே கூப்பிடுகிறார்கள்: "பிள்ளை, எங்கடை கிணத்துக்கு எப்ப வாறாய்? நாங்கள் மூண்டு பங்கு, எல்லாரும் ஓம்." நிதி கிடைக்காவிட்டால் இவர்களுக்கு நான் எந்த முகத்தோடு பதில் சொல்வேன் என்று தெரியவில்லை.

றெபேக்கா


மானிப்பாய்
17 செப்டெம்பர் 2024

ஜெயகௌரி,

கிடைத்துவிட்டது. முழுவதும் கிடைத்துவிட்டது.

காலையில் ஆய்வுகூடத்தில் மின்னஞ்சலைத் திறந்தேன். றயன் பக்கத்தில் நின்றான். நான் வாசித்து முடிக்கும்வரை பொறுமையில்லாமல் என் தோளுக்கு மேலால் வாசித்துவிட்டுப் போத்தல் கழுவுகிற தொட்டிக்குள் தாளம் போட்டான். மதிப்பீட்டாளர் ஒருவர் எழுதியிருக்கிறார்: இவ்வளவு காலமும் நான் வாசித்த தரவுப் பகிர்வுத் திட்டங்களில், தரவு ஆருடையது என்ற கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிட்டுப் பிறகு பகிர்வைப் பற்றிப் பேசியது இது ஒன்றுதான். போன தரம் "போதாது" என்று எழுதிய அதே ஆட்கள், ஜெயகௌரி. நான் கதவைச் சாத்திவிட்டு ஸ்தோத்திரம் சொன்னேன். பிறகு கதவைத் திறந்து எல்லாருக்கும் தேநீரும் தின்ன வாய்ப்பனும் வாங்கிக் கொடுத்தேன்.

இன்னொன்று. மற்ற விண்ணப்பதாரருக்கு மாதிரியாகக் காட்ட அந்தத் திட்டத்தைத் தங்கள் இணையப் பக்கத்தில் போடலாமா என்று கேட்டிருக்கிறார்கள். நான் பதில் போட்டேன்: இந்தத் திட்டத்துக்கு இரண்டு பங்கு. மற்றப் பங்குக்காரி ஒஸ்லோவில் இருக்கிறா. அவவைக் கேளாமல் நான் இணையத்தில் ஒன்றும் போடுவதில்லை.

உதயகலாவின் மகளைப் போன கிழமை பார்த்தேன். ஐந்து மாதப் பிள்ளை, கன்னம் தொங்குகிறது. ஜெறோமின் கிணற்றுத் தண்ணீர்தான். உன் அம்மாவே காலையில் குடத்தோடு போகிறா, ஒழுங்கை முழுக்கப் பார்க்கத்தக்கதாக. "பேத்திக்கு" என்று கேட்காதவர்களுக்கும் சொல்கிறாவாம்.

புது வரைபடத்தில் இதுவரைக்கும் ஒரு கிணறும் பெயரோடு வெளியே வரவில்லை. ஆரும் முதல் ஆளாக வர விரும்பவில்லை. பரவாயில்லை. அதற்காகத்தானே பூட்டு வைத்தோம். கூடாத கிணறு உள்ள தாய்மார் எல்லாருக்கும் தனித்தனியே சொல்லியாயிற்று. உங்கள் கிணறு வட்டார இலக்கத்துக்குள் மறைந்து நிற்கிறது. இனி ஒருவரும் அதைக் காணமாட்டார்கள். அந்தப் படத்தை நான் கேட்டுப் போட்டிருக்க வேண்டும். இலக்கம் சரிதான், ஆனாலும் கேட்டிருக்க வேண்டும்.

றெபேக்கா


ஒஸ்லோ
18 செப்டெம்பர் 2024

றெபேக்கா,

நான் வேலையிடத்தில் எழும்பிக் கை தட்டினேன். பக்கத்து மேசைக்காரி ஒரு நோர்வேஜியப் பெண், அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை, அவளும் சேர்ந்து தட்டினாள். என் உத்தியோக காலத்தில் எத்தனையோ பெரிய பேராசிரியர்களின் திட்டத்தைத் திருத்தியிருக்கிறேன். ஒன்றையும் ஒருவரும் மாதிரியாகக் கேட்டதில்லை. கேட்டது எங்கள் துலாக்கால் கிணற்றின் திட்டத்தை. என் பங்குக்குச் சம்மதம். போடச் சொல்லு.

அடுத்தது கிணறு. நேற்று உன் கடிதத்தை உதயகலாவுக்கு வாசித்துக் காட்டினேன். முதல் ஆளாக வர ஆருக்கும் விருப்பமில்லை என்ற இடத்தில் அவள் மறித்தாள். "அக்கா, ஒழுங்கைக்கு அங்காலை இன்னும் ரெண்டு பேர் பிள்ளைத்தாய்ச்சியாய் இருக்கினம். அவையின்ரை கிணறு இன்னும் பாக்கேல்லை. எங்கடை பேரைக் கண்டாத்தான் அவையள் படலை திறப்பினம்." பக்கத்தில் அம்மா இருந்தா. எழும்பி அடுப்படிக்குப் போவா என்று நினைத்தேன். போகவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே சொன்னா: "ஒருக்கா எங்களைக் கேளாமல் போட்டவள். இந்த முறை நாங்கள் சொல்லிப் போடட்டும். சிவப்பாத்தான் போடவேணும் எண்டு சொல்லு, மங்கல் நிறம் வேண்டாம்."

இரவுக்குள் பெரியப்பாவும் மாமியும் ஓம் என்றார்கள். டினேஸ் வேலைக்குப் போகும் வழியில் ஓம் என்று அனுப்பினான். ஐந்தாவது நான்.

போடு, றெபேக்கா. கொடிகாமம், துலாக்கால் வளவு, ஐந்து பங்குக் கிணறு. பெயரோடு, இடத்தோடு, இலக்கத்தோடு. உன் புதுப் படத்தில் முதலாவது புள்ளி எங்களுடையதாக இருக்க வேண்டும். கையெழுத்துப் பத்திரம் இணைப்பில் இருக்கிறது, ஐந்து கோடும் நிரம்பி.

இதற்குப் பதில் எழுதாதே. உன்ரை இலக்கத்தை இப்பதான் திறந்துவிட்டனான். போன் எடு. நான் எடுப்பன்.

ஜெயகௌரி